நாய்ப் பெட்டியும் பதினைந்து நாள் கெடுவும்

நாய்க்குட்டியை ராத்திரியில் தூங்கப் பழக்க ஒரு பெட்டி செய்தோம் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிப்பவர்கள் யாரும் அந்தப் பதினைந்து நாளும் என் வீட்டில் வந்து படுத்தவர்கள் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நாங்கள் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஏழு வீடு. ஒவ்வொன்றிலும் ஒரு அறை, ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். வரிசையின் தலைவீட்டில் ஓனரம்மா இருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் கோலார் தங்கவயலில் பிறந்து வேலைக்காக பெங்களூருக்கு வந்தவர்கள். இருவருக்கும் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை. அவர் மிஷின் செய்யும் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். நான் சின்ன மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றுகிறவள். செம்புக் கம்பியைச் சுற்றி, மோட்டாருக்குள் அடுக்கி, நூல் கட்டி, வார்னிஷில் முக்கி, ஓவனில் வைத்துச் சுட்டு எடுக்கவேண்டும். ஏழு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கம்பெனியின் பின்பக்கம், ஸ்கிராப் கொட்டும் இடத்தில், ஒரு தெரு நாய் நாலு குட்டி போட்டிருந்தது. தாயை ஒரு டெம்போ அடித்துவிட்டது. மூன்று குட்டிகளை யார் யாரோ தூக்கிப்போனார்கள். மிச்சம் இருந்தது பெண்குட்டி. பொட்டை நாய் எதற்கு, வருடத்துக்கு இரண்டு தரம் குட்டி போடும் என்று எல்லாரும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துக்கொள்ள எனக்கு அந்தக் காரணம் ஒன்றே போதுமானதாக இருந்தது. டிபன் கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு, குட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து மெஜஸ்டிக் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பகலில் குட்டி கட்டிலுக்கு அடியில் சத்தமில்லாமல் கிடந்தது. ராத்திரிதான் பிரச்சினை. எங்களோடு படுக்கவைத்தால் பாயில் மூத்திரம் போனது. இரண்டு மணிக்கு எழுந்து போர்வையைக் கடித்தது. என் வீட்டுக்காரர் தூக்கத்தில் புரண்டால் மூட்டை புரள்கிற மாதிரி இருக்கும், குட்டி நசுங்கிவிடுமோ என்று நான் கண்ணை மூடவில்லை. சமையல் மூலையில் பலகை வைத்து அடைத்தோம். அடைத்த நிமிடத்திலிருந்து விடியும்வரை அழுதது.

எங்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டித்தான் ரயில் பாதை. ராத்திரி முழுக்க எஞ்சின் கூவும், சரக்கு வண்டி போனால் பாத்திரம் அதிரும். அதற்கெல்லாம் ஒருவர்கூடப் புரண்டு படுக்கமாட்டார்கள். கையளவு குட்டி ஒன்று அழுதால் ஏழு வீட்டுக்கும் தூக்கம் போய்விடுமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓனரம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், கோபம் வந்தால் பாதி கன்னடம் கலந்துவிடும்.

"ஏம்மா, இது சும்னே சும்னே கத்திக்கிட்டே இருக்குது. உன் ஒருத்திக்காக ஆறு வூடும் முழிச்சிருக்கணுமா? பதினஞ்சு நாள் டைம் தர்றேன். அதுக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லாட்டி நாய எங்கயாவது வுட்டுட்டு வா. ஆகாதுன்னா வூட்ட காலி பண்ணிக்கோ."

"நிக்கும் ஓனரம்மா," என்றேன்.

"எப்படி நிக்கும்? புள்ளய வளத்துப் பழக்கம் இருந்தா சரி. உனக்கு அதுவும் இல்ல."

அவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதை அந்தக் காம்பவுண்டில் எல்லாரும் இப்படிப் போகிறபோக்கில்தான் சொல்வார்கள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரி. எனக்கு அன்றைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தக் குட்டியை எங்கும் விடமாட்டேன், இந்த வீட்டையும் விடமாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி தெரிந்தது மறுநாள் கம்பெனியில். எங்கள் சூப்பர்வைசர் வீட்டில் ஒரு லாப்ரடார் இருந்தது. அவர் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசியதைவிட அதைப் பற்றிப் பேசியது அதிகம். சாப்பாட்டு நேரத்தில் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

"சார், உங்க நாய் சின்னதா இருந்தப்ப ராத்திரியில அழுமா?"

"ரெண்டு நாள் அழுதுது. அப்புறம் கிரேட்ல போட்டுப் பழக்கிட்டோம். மச்சான் வெளிநாட்லேர்ந்து கொண்டுவந்து குடுத்தான். பெட்டி மாதிரிம்மா. குட்டி நின்னு திரும்பிப் படுக்கற அளவு இடம் இருந்தாப் போதும். மேல துணி போட்டு இருட்டாக்கிடணும். சாப்பாடு உள்ளேயே வைக்கணும். அழுதா கதவைத் தொறக்கக்கூடாது, அழுகையை நிறுத்தினாத்தான் தொறக்கணும். ஒரு வாரத்துல அதுவே உள்ள போய்ப் படுத்துக்கும்." பிறகு சிரித்தார். "நீ எதுக்குக் கேக்கற? அந்த ஸ்கிராப் யார்டு குட்டிக்கா? அதெல்லாம் ஜாதி நாய்க்குத்தாம்மா சரிப்படும். தெரு நாய்க்குப் புத்தி கம்மி. பெட்டியைக் கடிச்சுப் போட்டுட்டு ஓடிடும். அதுங்க ரத்தத்துலயே கிடையாது."

ரத்தத்திலேயே கிடையாது என்று சொல்வதை நான் அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் பேச்சு நாயைப் பற்றியதாக இருக்கவில்லை. என் அப்பா தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் என்னென்ன வராது என்று சொன்னவர்கள் நிறையப் பேர். நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். இந்தக் குட்டி பெட்டியில் தூங்கும், தூங்கவைத்துக் காட்டுகிறேன் என்று வைராக்கியம் வந்துவிட்டது. அந்த வைராக்கியத்தில் பாதி குட்டிக்காக, பாதி எனக்காக. மறைக்கவேண்டிய விஷயம் ஒன்றும் இல்லை.

பெட்டிக்கு மரம் கிடைப்பது கஷ்டமில்லை. வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்து இறங்கும் கம்பெனிகளில் அதைச் சுற்றி வரும் பேக்கிங் கட்டைகளை, கேட் பாஸ் எழுதி வாங்கித் தொழிலாளிகள் வீட்டுக்கு எடுத்துப்போவது உண்டு. பீன்யாவில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கட்டில், அலமாரி, சாமி மாடம் எல்லாம் அந்த மரத்தில்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை ஒரு கட்டு எடுத்துவந்தார். அந்த மாதம் அவருக்கு இரண்டாம் ஷிஃப்ட், மதியம் போனால் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வருவார். அதனால் புதன்கிழமை காலையில் உட்கார்ந்து அறுத்து, இழைத்து, பெட்டியை அடித்து முடித்தார். முன்பக்கம் கட்டை வைத்த கதவு, கொக்கி, மூலையில் எங்கும் ஆணி நீட்டாத மாதிரி நேர்த்தியான வேலை. ஃபிட்டர் வேலை சும்மாவா.

"மூத்திரம் போனா மரத்துல ஊறிடும் மே. நாறிப் போவும்," என்றார்.

அதற்கு நான் வழி சொன்னேன். எங்கள் கம்பெனியில் வார்னிஷ் டின்னின் அடியில் எப்போதும் கொஞ்சம் தங்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மோட்டாருக்குள் சொட்டுத் தண்ணீர் இறங்காமல் காப்பாற்றுவதே அந்த வார்னிஷ்தான், நாய் மூத்திரம் எம்மாத்திரம். அன்று மாலையே ஒரு டப்பா கொண்டுவந்து உள்ளும் புறமும் இரண்டு கோட் அடித்தேன். வியாழக்கிழமை பகல் முழுக்க வெயிலில் வைத்தோம். தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. கடையில் வாங்கினாலும் அப்படி ஒரு பெட்டி கிடைத்திருக்காது என்று நான் பெருமைப்பட்டேன்.

குட்டி அதற்குள் போகமாட்டேன் என்றது. உள்ளே ஒரு எலும்பைப் போட்டேன். கழுத்தை மட்டும் நீட்டி எலும்பைக் கவ்விக்கொண்டு வெளியே ஓடிவந்து தின்றது. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் நானே பிடித்து உள்ளே தள்ளிக் கொக்கியைப் போட்டு, மேலே கம்பளியைப் போர்த்தினேன். அதற்கு முன் சமையல் மூலையில் அழுத அழுகை எல்லாம் அழுகையே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. பெட்டியைப் பிறாண்டியது, தும்மியது, மூக்கைக் கதவு இடுக்கில் வைத்து ஊளையிட்டது. பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்தபோதும் அழுதுகொண்டிருந்தது.

"தொறந்து வுடு மே. பாவமா கீது."

"தொறக்கக் கூடாது. அழுதா தொறக்கறாங்கன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் எப்பவும் அழுவும். நீ சாப்ட்டுப் படுய்யா."

அவர் சாப்பிட்டார், படுத்தார், தூங்கவில்லை. நான் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரியும் அப்படித்தான். சனிக்கிழமை பெட்டியைப் பார்த்ததுமே குட்டி கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. காலைப் பிடித்து இழுத்துத்தான் போட்டேன். அதன் கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அழுது அழுது அப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன். யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று பார்த்துவிடலாம் என்று அதனிடம் சொன்னேன். எட்டு வாரக் குட்டியிடம் அப்படிச் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ஓனரம்மா வந்துவிட்டார். மூன்று நாள் தூங்காத முகம். எட்டு நாள் முடிந்தது என்று நினைவுபடுத்தத்தான் வந்தார். பெட்டி அறை நடுவில் இருந்தது, கதவு திறந்திருந்தது.

"இதுக்குள்ளயா போட்டு வெக்கற? அப்படி இன்னா பண்றே அத, இந்தக் கத்து கத்துது," என்று குனிந்து தலையை உள்ளே நீட்டினார். நீட்டிய வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "அய்யய்யோ, ஏனம்மா இது. கண்ணு எரியுது."

"எது எரியுது?"

"எதுன்னு கேக்கற. இந்த வாடைதான். உள்ள இன்னா ஊத்தி வெச்சிருக்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மண்டியிட்டு என் தலையைப் பெட்டிக்குள் விட்டேன். நன்றாக இழுத்து மோந்தேன். ஒரு வாடையும் இல்லை. மரம்கூட மணக்கவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவரும் தலையை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் மூக்கில் இத்தனை வருடமாக மிஷின் ஆயில் வாடைதான்.

ஓனரம்மா எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் மூக்கு இருக்குதா இல்லியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வார்னிஷில் முக்கிய மோட்டாரை நாங்கள் ஏன் ஓவனில் வைக்கிறோம். சூடு காட்டாவிட்டால் அது உள்ளுக்குள் காயவே காயாது, வாரக்கணக்கில் வாடை விட்டுக்கொண்டே இருக்கும். அது எனக்குத் தெரியும். ஏழு வருடமாகத் தினமும் செய்கிற வேலை. வெயிலில் மேலே காய்ந்து பளபளத்ததும் காய்ந்துவிட்டது என்று நம்பிவிட்டேன், ஏனென்றால் இல்லை என்று சொல்ல என்னிடம் மூக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்த வாடையில் நான் ஓடி ஓடி வாந்தி எடுத்தேன். பக்கத்து டேபிள் அக்கா, "பத்து நாள் பொறு, அப்புறம் வாடையே தெரியாது," என்றாள். நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். எனக்குப் பின்னால் வந்த பெண்களுக்கு நானும் அதையே சொல்லியிருக்கிறேன்.

கம்பளி போட்டு மூடி, கொக்கி மாட்டி, மூன்று ராத்திரி அந்தக் குட்டியை அதற்குள் வைத்திருக்கிறேன். அது தனியாக இருக்கப் பயந்து அழவில்லை. பெட்டி பிடிக்காமல் அழவில்லை. மூச்சு விடமுடியாமல் அழுதது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, திறக்கமாட்டேன் என்று வீரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓனரம்மா முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகும் அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த குட்டியை எடுத்து, சுத்தமான தண்ணீரில் துணியை நனைத்து அதன் கண்ணைத் துடைத்தேன். அது என் கையை நக்கியது. அப்போது அழுதேன்.

"வுட்டுடலாம் மே," என்றார் அவர். "எங்க ஃப்ரெண்டு ஒருத்தன் நெலமங்கலாவுல கீறான். தோட்டம் வெச்சிருக்கான். அங்க வுட்டா சத்தம் போட்டாலும் கேக்க ஆள் இல்ல."

"அந்தப் பெட்டிய எடுத்து வெளிய போடு," என்றேன். "நாய் எங்கயும் போவாது. இன்னும் ஏழு நாள் கீது."

அன்று மதியமே சிவாஜிநகர் போனோம். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்க அங்கேதான் போவோம். பழக்கடைகளின் பின்னால் காலி ஆப்பிள் பெட்டிகள் குவிந்து கிடந்தன, மெல்லிய பலகை, இடையிடையே சந்து, உள்ளே காய்ந்த புல். கடைக்காரரிடம் கேட்டு நல்லதாக மூன்று எடுத்துக்கொண்டோம். பஸ்ஸில் நான் இரண்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் ஒன்றையும் எலும்புப் பையையும் வைத்துக்கொண்டு நின்றார். பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

அவர் ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைத் தேய்த்து, மூன்றையும் சேர்த்து ஒரு பெட்டி அடித்தார். முதல் பெட்டியின் அழகு இதற்கு இல்லை. வார்னிஷ் இல்லை, எண்ணெய் இல்லை, ஒன்றும் இல்லை. இருந்தாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. என் மூக்கை நம்பி ஒரு தரம் ஏமாந்தாயிற்று. அவர் மூக்கும் அதே கதை. காம்பவுண்டில் கெட்ட வாடை எது என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒருவர் யார் என்பதிலும் சந்தேகமில்லை.

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தலைவீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஓனரம்மா, இத மோந்து பாத்துச் சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாது?"

"எனக்கு வாடை தெரியல. உங்களுக்குத் தெரியுது. குட்டி உள்ள படுக்கணும், மோந்து சொல்லுங்க."

கேட்கும்போது எனக்கு நாக்கு கசந்தது. ஆனால் என் கௌரவத்துக்காக அந்தக் குட்டி நாலாம் ராத்திரியும் கண் எரிந்து படுக்கவேண்டுமா. அவர் வாசல் விளக்கைப் போட்டார், குனிந்தார், மூலை மூலையாக மோந்து பார்த்தார். அரிசி வாங்கும்போது பார்க்கிற மாதிரி பொறுமையாகப் பார்த்தார்.

"ஆப்பிள் வாசனை வருது. வேற ஒண்ணும் இல்ல," என்றார். பிறகு, "ஏழு நாள்தான்," என்றார்.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்டார், "என்னம்மா, உன் நாய் பெட்டியைக் கடிச்சுப் போட்டுட்டு ஓடிடுச்சா?"

"ஓடல சார். நீங்க ஒண்ணு சொல்லுங்க. வார்னிஷ் செக்‌ஷன் பக்கம் நீங்க ஏன் வர்றதே இல்ல?"

"அய்யோ, அங்க அஞ்சு நிமிஷம் நின்னா தலைவலி வந்துடும்மா. அந்த வாடை எனக்கு ஒத்துக்காது."

"எங்களுக்கு ஒத்துக்குதுன்னு யார் சார் சொன்னது?"

அவர் சிரிக்கத் தொடங்கி, நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். என் குட்டிக்குப் புத்தி குறைவில்லை. விஷத்துக்குள் போகமாட்டேன் என்று மூன்று நாள் கத்தியது. நாங்கள்தான் பத்து நாளில் பழகிக்கொண்டோம். வார்னிஷ் பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று அன்றைக்கு மதியமே எழுதி, கூட வேலை செய்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். ஃபேன் வந்து சேர ஏழு மாதம் ஆனது.

குட்டியைப் பழக்க எனக்கு அவ்வளவு நாள் இல்லை. ஓனரம்மா மோந்து சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே தொடங்கிவிட்டேன், அன்றைக்குப் புதுப் பெட்டியின் கதவை மூடவே இல்லை. புல்லைப் பரப்பி, என் பழைய புடவையை மடித்துப் போட்டு, சோற்றில் எலும்புச் சாறு ஊற்றி உள்ளே வைத்தேன். குட்டி வாசலில் நின்று வெகுநேரம் மோந்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்துத் தின்றது, பின்னங்கால் வெளியிலேயே இருந்தது. ஓடுவதற்குத் தயாராகத்தான் தின்றது. அதன்மேல் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. திங்கட்கிழமை நாலு காலும் உள்ளே போனது. தின்னும்போது கதவைச் சாத்தினேன், தின்று முடிக்கும் முன்பே திறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் மூடிவைத்தேன். சூப்பர்வைசர் சொன்னதில் பாதி சரி. அழுதால் திறக்கக்கூடாதுதான், ஆனால் எதற்கு அழுகிறது என்று கேட்காமல் இருக்கவும் கூடாது.

புதன்கிழமைதான் முதல் தடவை ராத்திரிக்குக் கொக்கி போட்டேன். முனகியது. நான் பெட்டியை ஒட்டித் தரையில் படுத்து, பலகைச் சந்தில் இரண்டு விரலை விட்டேன். கொஞ்ச நேரம் விரலைக் கடித்தது, பிறகு அதன்மேலேயே தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. இரண்டு மணிக்கு ஒரு குரல் கேட்டது. பழைய ஊளை இல்லை, சின்னதாக, அவசரமாக. தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரம் விட்டேன். மூத்திரம் போனது. திரும்பக் கொண்டுவந்து வைத்தேன், பேசவில்லை, கொஞ்சவில்லை. படுத்துக்கொண்டது. அது எதற்கு அழுகிறது என்று பிரித்துக் கேட்க நான் பழகியது அந்த ராத்திரியில்தான்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து, விளக்கைப் போடாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குள்ளேயே பதுங்கிப் பதுங்கி நடந்தார். இருட்டில் ஆறிய சோற்றைத் தின்றார். குழம்பு எது தண்ணீர் எது என்று தெரியாமல் தண்ணீரை ஊற்றிப் பிசைந்துவிட்டார் என்று காலையில்தான் தெரிந்தது. சனிக்கிழமை பத்து மணிக்குக் கொக்கி போட்டேன். மூன்று மணிக்கு நானாகவே பதறி எழுந்தேன். அவ்வளவு நிசப்தம். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு சரக்கு வண்டி பாத்திரமெல்லாம் அதிரப் போனது, குட்டி காதைக்கூட அசைக்கவில்லை. ஐந்தரைக்குத்தான் எழுந்தது.

கெடுவின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, ஓனரம்மா வந்தார். கதவு திறந்திருந்த பெட்டிக்குள் குட்டி மல்லாந்து கிடந்தது. அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார்.

"சத்தம் நின்னுபோச்சு. இல்லன்னு சொல்லமாட்டேன்," என்றார். பிறகு உள்ளே வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்ததே இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார். "இருந்தாலும் நான் சொல்றத கேளு. எங்க வூட்டுப் பொண்ணுன்னு நெனச்சுத்தான் சொல்றேன். நாயிக்குத் தொட்டில் மாதிரி கட்டி, பக்கத்துல படுத்து, இதெல்லாம் பேடம்மா, வேணாம். வூட்டுக்குள்ள நாய் படுத்தா புள்ள தங்காதும்பாங்க. குடுத்துடு. உன் நல்லதுக்குத்தான்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. கெட்ட எண்ணத்தோடு சொல்கிறவர்களுக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். நல்லதுக்குச் சொல்கிறவர்கள் தலையைத் தடவிக்கொண்டே கையிலிருப்பதைப் பிடுங்குவார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது.

"ஓனரம்மா," என்றேன், "எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமும் எங்க வூட்ல நாய் இல்ல."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை.

"நீங்க கெடு வெச்சது சத்தத்துக்கு. சத்தம் நின்னாச்சு. நாய் இங்கதான் இருக்கும். நாங்களும் இங்கதான் இருப்போம்."

அவர் எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, யாரும் எடுக்கவில்லை.

எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. நாய் பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.